புகைக்குழாயின் விஞ்ஞானம்

கொல்கத்தா மாநகரின் தென்மேற்குப் பகுதியில், ஹூக்ளி நதியின் கிழக்குக் கரையை ஒட்டி அமைந்துள்ளது கார்டன் ரீச். 1856ஆம் ஆண்டில் அயோத்தி அரசை இழந்த நவாப் வாஜித் அலி ஷா வந்து குடியேறிய மட்டியாபுருஜ் இதனை அடுத்தே உள்ளது. 1892ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிதர்பூர் துறையும், 1929ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் திறக்கப்பட்டுப் பின்னர் நேதாஜி சுபாஸ் துறை எனப் பெயர் மாறிய துறையும் இதன் அருகில் இருக்கின்றன. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம் இங்கே உள்ளது. நாட்டின் கடற்படைக்குக் கப்பல் கட்டித் தரும் பெரிய தொழிற்சாலை ஒன்றும் இங்கே இயங்கி வருகிறது.

இத்தகைய இடத்தில் சிறு பாரவண்டிகளுக்குக் குறைவிராது என்பது சொல்லாமலே விளங்கும். துறைமுகத்திற்குச் செல்லும் சரக்கையும், மட்டியாபுருஜின் தையற்கூடங்களில் உருவாகும் ஆயத்த ஆடைகளின் மூட்டைகளையும் பிக்கப் என்று வழங்கும் சிறு வண்டிகள் சுமந்து செல்கின்றன. அவ்வண்டிகளில் விரைவில் பழுதுபடும் உறுப்புகளுள் ஒன்று புகைக்குழாய். அது துருப்பிடித்து ஓட்டை விழும்போது, உரிமையாளர் முன் இரண்டு வழிகள் தோன்றுகின்றன. வண்டியை உற்பத்தி செய்தவர்கள் தரும் குழாயையே மீண்டும் பொருத்துவது ஒன்று. சந்தையில் தனியாக விற்கப்படும் வேறொரு குழாயை வாங்கிப் பொருத்துவது மற்றொன்று. பின்னதன் விலை பெரும்பாலும் குறைவு. அதோடு, “குழாய் பெரிதானால் வண்டிக்கு வலிமை கூடும், டீசல் மிச்சப்படும்” என்ற உறுதிமொழியும் சேர்ந்து கிடைப்பதுண்டு. இவ்வுறுதிமொழியில் உண்மை எவ்வளவு? புகைக்குழாய் என்பது வெறும் குழாய்தானா? இவ்வினாக்களுக்கு விடை காண, எஞ்சின் மூச்சு விடும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சினின் மூச்சு

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் முதல் வீச்சில் காற்றை உள்ளிழுக்கிறது. இரண்டாவதில் அதனை அமுக்குகிறது. மூன்றாவதில் எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. நான்காவதில் எரிந்த வாயு வெளியேற்றப்படுகிறது. மூன்றாவது வீச்சு முடிவதற்குச் சற்று முன்னரே வெளியேற்றும் வால்வு திறந்துவிடும். அப்பொழுது சிலிண்டரினுள் உள்ள வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலப் பல மடங்காக இருக்கும். ஆகவே வாயு மெல்ல ஒழுகுவதில்லை; வெடித்துப் பாய்கிறது. காதிற் படும் பேரோசைக்குக் காரணம் இந்தப் பாய்ச்சலே.

நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்று சுழல்வதாகக் கொள்வோமாயின், ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர்கள் வாயுவை வெளிவிடும். அதாவது விநாடிக்கு 100 முறை அழுத்த அலை ஒன்று குழாயினுள் புறப்படுகிறது. ஓட்டுநர் கேட்கும் உறுமலின் அடிப்படைச் சுருதி அதுவே.

வாயுவின் அளவும் சாமானியமானதன்று. இரண்டரை லிட்டர் கொள்ளளவும், டர்போ என்னும் காற்றழுத்திச் சக்கரமும் உடைய டீசல் எஞ்சின் மேற்கூறிய வேகத்தில் முழுப் பாரத்துடன் உழைக்கையில், விநாடிக்குச் சுமார் 100 கிராம் வாயுவை வெளிவிடக்கூடும். அவ்வாயு 500 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இருப்பதாகக் கொண்டால் அதன் பருமன் 200 லிட்டருக்கும் சற்று மிகும். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அது விநாடிக்குச் சுமார் 110 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். கடும் புயற்காற்றின் வேகத்தினும் இது அதிகம்.

சப்தம் அடங்கும் விதம்

இந்த ஓசையை அடக்குவதற்கான கருவியே சைலன்ஸர். மோட்டார் வண்டி தோன்றிய காலத்திலேயே இதன் தேவையும் உணரப்பட்டது. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவிக்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். சைலன்ஸர் இரு வகைகளில் வேலை செய்கிறது.

முதல் வகையில் ஒலி அலையே ஒலி அலைக்கு எதிரியாக்கப்படுகிறது. குறுகலான குழாயிலிருந்து வாயு திடீரென ஒரு பெரிய அறைக்குள் விரியும்போது, அலையின் ஒரு பகுதி வந்த வழியே எதிரொலித்துத் திரும்புகிறது. அறைகளின் நீளமும் துளைகளின் இடமும் சரியாக அமைந்தால், ஓர் அலையின் முகடு மற்றோர் அலையின் பள்ளத்தைச் சந்தித்து இரண்டும் ஒடுங்கும். இரண்டாம் வகையில் துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை போன்ற பஞ்சு திணிக்கப்படுகிறது. ஒலியின் ஆற்றல் அவ்விழைகளினூடே உராய்ந்து வெப்பமாக மாறிவிடுகிறது. கீச்சொலிகளை அடக்க இரண்டாம் வகை ஏற்றது. தாழ்ந்த உறுமலை அடக்க முதல் வகையே வேண்டும்.

500 டிகிரி உஷ்ணமுள்ள வாயுவில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 560 மீட்டர். சாதாரணக் காற்றில் அது சுமார் 340 மீட்டரே. ஆகவே விநாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் குழாயினுள் 5.6 மீட்டர் ஆகிறது. ஒரு முனை அடைபட்ட பக்கக் குழாயைக் கொண்டு இவ்வொலியை ஒடுக்க வேண்டுமெனில் அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது 1.4 மீட்டர் இருத்தல் வேண்டும். சிறு வண்டியின் அடியில் அதற்கு இடம் ஏது? இதனால்தான், ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்த குடுவை அமைப்பு கைக்கொள்ளப்படுகிறது. சிறு கழுத்தும் பெரிய வயிறும் கொண்ட குடுவை, குறிப்பிட்ட ஒரு சுருதிக்கு மட்டும் அதிர்ந்து அதனை விழுங்கிவிடும். சைலன்ஸரின் தகரப் பெட்டிக்குள் இவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது. வெளித்தோற்றத்தில் அதைப் போன்றே இருக்கும் மலிவான பெட்டியினுள் இக்கணக்குகள் இருக்குமென்று உறுதி கூற இயலாது.

பெரிய குழாயால் வலிமை கூடுமா?

குழாயும் சைலன்ஸரும் வாயுவின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. அத்தடையை மீறி வாயுவைத் தள்ள எஞ்சின் தன் சக்தியில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். இத்தடையே பின்னழுத்தம் எனப்படுகிறது. எஞ்சினுக்குப் பின்னழுத்தம் ஓரளவு தேவை என்று பட்டறைகளில் சொல்லப்படுவதுண்டு. இது சரியன்று. சில பெட்ரோல் எஞ்சின்களில் குழாயின் நீளமும் விட்டமும் குறிப்பிட்ட அளவில் இருந்தால், திரும்பி வரும் அலை சிலிண்டரைக் காலி செய்ய உதவும். அங்கே உதவுவது அலை, அழுத்தமன்று. டர்போ பொருத்திய டீசல் எஞ்சினில், டர்போவுக்குப் பின்னுள்ள குழாயின் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இனி, எவ்வளவு நல்லது என்பதைக் கணக்கிடலாம். குழாயின் உள்விட்டத்தை 50 மில்லிமீட்டரிலிருந்து 63 மில்லிமீட்டராக உயர்த்தினால் வாயுவின் வேகம் 110 மீட்டரிலிருந்து சுமார் 70 மீட்டராகக் குறையும். வளைவுகளில் ஏற்படும் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறுவதால், அது முன்னிருந்ததில் ஐந்தில் இரண்டு பங்காகத் தாழ்ந்துவிடும். பார்வைக்கு இது பெரும் ஆதாயம். ஆயினும் அதன் பயன் எஞ்சினை எட்டும்போது மிகச் சுருங்கிவிடுகிறது. பின்னழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டரை லிட்டர் எஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்றில் மிச்சப்படுத்தும் திறன் சுமார் 0.6 கிலோவாட்டே. அந்த எஞ்சினின் மொத்தத் திறன் 55 கிலோவாட் எனில், இலாபம் நூற்றுக்கு ஒன்றுக்குச் சிறிதே அதிகம். டர்போவின் சுழற்சி எளிதாவதால் இது இன்னும் சற்று உயரலாம். எனினும், சிலிண்டரில் எவ்வளவு டீசல் தெளிக்கப்பட வேண்டும் என்பதை நிர்ணயிப்பது குழாய் அன்று. எஞ்சினின் கட்டுப்பாட்டுச் சாதனமே. ஆகவே குழாயை மட்டும் மாற்றி வண்டியின் இயல்பையே மாற்றிவிடலாம் என்பது வீண் நம்பிக்கை.

பின், குழாயை மாற்றிய ஓட்டுநர் பலர் வண்டி வலிமை பெற்றதாக உணர்வது ஏன்? இரு காரணங்கள் கூறலாம். முந்தைய குழாய் துருவாலும் கரியாலும் அடைபட்டிருந்தால், எந்தப் புதிய குழாயும் இழந்த திறனை மீட்டுத் தரும். அது பெரிய குழாயாக இருக்க வேண்டுவதில்லை. மற்றொன்று, உரத்த ஓசையை வலிமையென்று காது எண்ணிக்கொள்வது.

கப்பல் கற்பிக்கும் பாடம்

இதே பிரச்சினை மிகப் பெரிய அளவில் ஆராயப்படும் இடம் கார்டன் ரீச்சிலேயே இருக்கிறது. 1884ஆம் ஆண்டில், ஆற்றில் நீராவிக் கப்பல் நடத்திய ஒரு கம்பெனியின் பழுது பார்க்கும் பட்டறையாகத் தொடங்கி, 1934இல் தனிக் கம்பெனியாகி, 1960ஆம் ஆண்டில் மத்திய அரசின் வசமான தொழிற்சாலையே இன்றைய கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம். சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான ‘அஜய்’ 1961ஆம் ஆண்டில் இங்கிருந்துதான் கடற்படைக்கு அளிக்கப்பட்டது.

நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி எதிர்க்கும் ‘கமோர்ட்டா’ என்னும் கப்பலும் இங்கே கட்டப்பட்டதே. நிக்கோபார் தீவுகளுள் ஒன்றின் பெயரைத் தாங்கிய இக்கப்பல் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து 2016, 2017, 2020 ஆகிய ஆண்டுகளில் ‘கட்மட்’, ‘கில்டான்’, ‘கவரத்தி’ என்ற தங்கைக் கப்பல்களும் சேர்ந்தன. இவை ஒவ்வொன்றிலும் நான்கு டீசல் எஞ்சின்கள் உள்ளன. ஓர் எஞ்சினின் திறன் 3888 கிலோவாட். அதாவது சிறு பாரவண்டி எஞ்சின்கள் எழுபதின் திறனுக்கு ஈடானது.

நீர்மூழ்கியைத் தேடும் கப்பலுக்கு நிசப்தம் உயிர்நாடி. அதன் ஓசை மிகுந்தால், பகைக் கப்பல் அதனை முன்கூட்டியே அறிந்துகொள்ளும். அதனுடைய கேட்கும் கருவிகளும் தம் கப்பலின் இரைச்சலிலேயே செவிடாகிவிடும். எனவே இத்தகைய கப்பல்களில் எஞ்சின்கள் கப்பலின் உடலோடு இறுக்கமாகப் பிணைக்கப்படாமல், அதிர்வைத் தாங்கும் மெத்தை போன்ற தாங்கிகளின்மீது அமர்த்தப்படுகின்றன. எஞ்சின் அசையும்போது புகைக்குழாய் முறியாதிருக்கவும், வெப்பத்தால் நீளும்போது நெளியாதிருக்கவும், இடையிடையே துருத்தி போன்ற நெகிழும் உலோக இணைப்புகள் வைக்கப்படுகின்றன. சிறு வண்டியின் குழாயை ரப்பர் வளையங்களில் தொங்கவிடுவதும், எஞ்சினை அடுத்து நெகிழும் இணைப்பு ஒன்றை வைப்பதும் இதே தத்துவத்தைத் தழுவியவையே.

போர்க்கப்பலுக்கு இன்னொரு கவலையும் உண்டு. உஷ்ணமுள்ள எப்பொருளும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. 400 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள உலோகம் மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் 4 மைக்ரானை ஒட்டியது. சாதாரண உஷ்ணமுள்ள பொருள்கள் வீசுவதோ 10 மைக்ரானை ஒட்டியது. வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணைகளுக்குச் சூடான புகைபோக்கி இருளில் எரியும் தீவட்டியை ஒக்கும். இதனைத் தடுக்க, புகை வேகமாகப் பாயும் இடத்தில் அதன் இழுப்பினாலேயே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டுப் புகையுடன் கலக்கும்படி செய்யப்படுகிறது. புகை குளிர்கிறது, குழாயின் சுவரும் குளிர்கிறது. ஆனால் இத்தகைய ஒவ்வோர் ஏற்பாடும் பின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தும். எஞ்சின் உற்பத்தியாளர் விதித்த வரம்பை அது தாண்டாதபடி, ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு மூட்டையும் கணக்கிட்டே வரைபடம் தயாராகிறது. எஞ்சின், குழாய், சைலன்ஸர் ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள் அல்ல, ஒரே சாதனத்தின் அங்கங்கள் என்பதே கப்பல் கற்பிக்கும் பாடம்.

நச்சு நீக்கும் சாதனங்கள்

இன்றைய வண்டியின் புகைக்குழாய், வாயுவை வெளியே கொண்டு செல்வதோடு அதனைத் தூய்மை செய்யும் கடமையையும் ஏற்றிருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, பிளாட்டினம் முதலிய அரிய உலோகங்கள் பூசிய வினையூக்கிக் கலங்கள் கட்டாயமாக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளுக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி முக்கியமானது. நுண்துளைகள் நிறைந்த பீங்கான் சுவர்களினூடே வாயு செல்லும்போது துகள்கள் தங்கிவிடுகின்றன. வடிகட்டி நிறைந்தவுடன், வாயுவின் உஷ்ணம் 600 டிகிரியை ஒட்டி உயர்த்தப்பட்டு அத்துகள்கள் எரித்தழிக்கப்படுகின்றன. சில வண்டிகளில் யூரியாக் கரைசலைத் தெளித்து, நைட்ரஜன் ஆக்ஸைடுகளைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றும் கலமும் உண்டு.

குழாயை மாற்றும் சாக்கில் இவ்வடிகட்டியை நீக்கிவிடுவதும், உட்பகுதியை உடைத்தெடுத்து வெறுங்கூட்டை மட்டும் மீண்டும் பொருத்துவதும் சில இடங்களில் நிகழ்வதுண்டு. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012ஆம் ஆண்டில் திட்டமாக வகைப்படுத்தியது. அதன் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. கொல்கத்தாவின் குளிர்காலத்தில், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதன் மேலுள்ள காற்று சூடாகவும் இருக்கும் நாள்களில், புகை மேலெழ வழியின்றித் தெருக்களிலேயே தங்கிவிடுகிறது. அப்பொழுது அதனைச் சுவாசிப்பவர் வண்டியின் உரிமையாளர் மட்டுமல்லர். சாலையோரம் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்திருப்பவரும், பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தையும் அதனையே சுவாசிக்கின்றனர்.

வண்டிக்கும் இதனால் கேடே. வடிகட்டியின் இரு புறமும் உள்ள அழுத்த வேறுபாட்டையும் உஷ்ணத்தையும் உணர்கருவிகள் இடைவிடாது அளக்கின்றன. அளவு பொருந்தாவிடில் எச்சரிக்கை விளக்கு எரியும். எஞ்சினின் திறனும் தானாகவே கட்டுப்படுத்தப்படலாம். ஆகவே மாற்றத்தக்கது, நச்சு நீக்கும் சாதனங்களுக்குப் பின்னால் உள்ள குழாயும் சைலன்ஸருமே என்று வரையறுத்துக்கொள்வது நலம்.

துருவும் வெப்பமும்

புகைக்குழாய் வெளிப்புறத்தைக் காட்டிலும் உட்புறத்திலேயே அதிகம் அழிவதுண்டு. டீசலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது உண்டாகும் நீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம், அதாவது ஒரு லிட்டர் நீர். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். துறைமுக வாயிலில் வரிசையில் நின்று நின்று, குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியின் சைலன்ஸர் போதிய அளவு சூடாவதில்லை. ஆவி அதனுள் குளிர்ந்து நீராகத் தங்கி, வாயுவிலுள்ள அமிலப் பொருள்களையும் சேர்த்துக்கொண்டு தகரத்தை அரிக்கிறது. ஹூக்ளிக் கரையின் ஈரக்காற்றும் மழைக்காலத்தில் சாலையில் தேங்கும் நீரும் வெளிப்புறத்தைக் கவனித்துக்கொள்கின்றன.

சாதாரண இரும்புத் தகட்டைக் காட்டிலும் அலுமினியம் பூசிய தகடும், அதனினும் துருப்பிடிக்காத எஃகும் நீண்ட காலம் உழைக்கும். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயின் உஷ்ணம் 300 டிகிரி உயர்ந்தால் அது சுமார் 11 மில்லிமீட்டர் நீளும். குரோமியமும் நிக்கலும் கலந்த துருப்பிடிக்காத எஃகோ சுமார் 15 மில்லிமீட்டர் நீளும். இந்நீட்சிக்கு இடமளிக்காமல் குழாயைச் சட்டத்தோடு பற்றவைத்துவிடும் வழக்கம் தவறானது. வெடிப்பு மூட்டில் தோன்றாவிடினும் அடுத்த வளைவில் தோன்றியே தீரும்.

குழாயை மாற்றும் முறை

குழாயை மாற்றுதல் கடினமான வேலையன்று. ஒழுங்கு தேவைப்படும் வேலை. வண்டி முற்றிலும் குளிர்ந்த பின்னரே தொடங்க வேண்டும். சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் அவசியம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் உயிருக்கு ஆபத்து. உறுதியான தாங்கிகளின்மீது சட்டத்தை அமர்த்திய பின்னரே புக வேண்டும். துருவேறிய போல்ட்டுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால், மறுநாள் அவை முறியாமல் கழலும். பற்றவைப்பு வேலை இருக்குமாயின் பாட்டரியின் இணைப்பை முன்னதாகவே நீக்கிவிட வேண்டும். இல்லையேல் மின்னணுச் சாதனங்கள் பழுதுபடக்கூடும்.

கழற்றிய பழைய குழாயையும் புதிய குழாயையும் தரையில் அருகருகே வைத்து நீளம், வளைவு, தொங்கும் கொக்கிகளின் இடம் ஆகியவற்றை ஒப்பிடுதல் நல்ல வழக்கம். ரப்பர் வளையங்களைக் கழற்றவும் மாட்டவும் சோப்பு நீர் உதவும். வெடித்த வளையங்களை மீண்டும் மாட்டலாகாது. மூட்டுகளில் புதிய கேஸ்கட்டுகளையே இட வேண்டும். முன்பகுதியிலிருந்து தொடங்கி எல்லா மூட்டுகளையும் முதலில் தளர்வாகக் கோத்து, குழாய் முழுவதும் நேராகத் தொங்குவதை உறுதி செய்துகொண்ட பின்னரே, முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாய் முடுக்க வேண்டும். முதல் மூட்டை முதலிலேயே இறுக்கிவிடுபவர் கடைசி மூட்டை வளைத்துப் பொருத்த நேரும்.

பாரவண்டியில் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. பாரம் ஏறும்போது வில் தகடுகள் அமுங்கி, வண்டியின் உடல் பின்னச்சை நோக்கித் தாழ்கிறது. வெறும் வண்டியில் அச்சுக்கும் குழாய்க்கும் இடையே போதுமானதாகத் தோன்றும் இடைவெளி, முழுப் பாரத்தில் மறைந்துவிடலாம். அந்த இடைவெளியை முன்கூட்டியே கருதுதல் வேண்டும். பிரேக் குழாய்கள், மின்கம்பிகள், எரிபொருள் குழாய் ஆகியவற்றிலிருந்தும் குழாய் விலகியிருத்தல் வேண்டும். குழாயின் வால் நுனி வண்டியின் உடலுக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். அடியிலேயே முடிந்தால் புகை படுதாவின் கீழும் ஓட்டுநர் அறைக்குள்ளும் புகும். புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைக் காட்டிலும் அதனை இருநூறு மடங்குக்கு மேல் விரும்பிப் பற்றிக்கொள்கின்றன. டீசல் எஞ்சினில் அதன் அளவு பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவே. எனினும், கசியும் குழாயின் மேல் அமர்ந்து பல மணி நேரம் வண்டி ஓட்டுபவருக்கு வரும் தலைவலியும் மயக்கமும் வெயிலால் வந்தவை என்றே எண்ணப்பட்டுவிடுவது உண்டு.

வேலை முடிந்ததும், எஞ்சினை ஓட்டிக் குழாய் சூடேறுமுன் மூட்டுகளில் சோப்பு நீர் தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழ்கள் எழும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பின்னர் போல்ட்டுகளை மறுபடியும் முடுக்கிப் பார்த்தல் வேண்டும். சூடேறிக் குளிர்வதால் அவை சிறிது தளர்வது இயல்பு.

சட்டத்தின் வரம்பு

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, வாயு வெளியேறும் ஓசையை இயன்ற அளவு குறைக்கும் சைலன்ஸர் ஒவ்வொரு வண்டியிலும் இருத்தல் வேண்டும் என்கிறது. எரிபொருள் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் இடையே குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் அவ்விதிகளில் கூறப்பட்டதே. பொதுவாகப் புகை கீழ்நோக்கியும் இடப்புறமாகவும் வெளிவிடப்படலாகாது. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்லும் நாட்டில், நடைபாதை இருப்பது இடப்புறத்திலேயே என்பதை எண்ணினால் இவ்விதியின் கருத்துப் புலனாகும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 190ஆம் பிரிவின்படி, ஓசை மற்றும் புகை பற்றிய அளவுகளை மீறி வண்டி ஓட்டுபவருக்கு, 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், மூன்று மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதம் இழக்க நேரிடும்.

2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியின் சுற்றுப்புறத்தில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என ஓசைக்கு வரம்பு குறித்துள்ளன. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சைலன்ஸரை இழந்த ஒரு வண்டி நள்ளிரவில் குறுகிய தெருவொன்றைக் கடந்தால், அத்தெருவினர் அனைவரின் உறக்கமும் கலையும்.

சுருங்கக் கூறின், தேய்ந்த புகைக்குழாயைக் காலத்தில் மாற்றுதல் சிக்கனம். தரமான குழாயைத் தேர்தல் அறிவுடைமை. ஆனால் குழாயின் பருமனைக் கூட்டி வலிமையை வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தைக் கணக்கு ஆதரிக்கவில்லை. புதிய குழாய் வாங்க முற்படும் உரிமையாளர் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்பது போதும்: அது வண்டியின் மாதிரிக்கு உரியதாகச் சோதிக்கப்பட்டதா, நச்சு நீக்கும் சாதனங்களைத் தொடாமல் பொருத்தக்கூடியதா, முந்தையதைவிட ஓசை கூடாமல் இருக்குமா? மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைக்குமாயின், விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.